மஞ்சள் ரிப்பன் கட்டிய கை

அரசு மருத்துவமனையில் ரிப்பன் சிஸ்டர் என்றால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் தெரியும். அவசரச் சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ். சிபாரிசு என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். இன்னாருக்கு வேண்டியவர், இன்னாரின் மச்சான் என்று சொல்லிக்கொண்டு வரிசையைத் தாண்டி வருகிறவர்களை அவள் திருப்பி அனுப்புகிற அழகைப் பார்க்கவே சிலருக்கு வரிசையில் நிற்பது அலுக்காது. ஒருமுறை அவளுடைய மாமியாரே முழங்கால் வலியோடு வந்து, "நான் யாருன்னு தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"தெரியும் அத்தை. அதனாலதான் மரியாதையா வரிசையில உட்காரச் சொல்றேன்" என்றாள்.

மாமியார் அதற்குப் பிறகு அவளிடம் முழங்காலைப் பற்றிப் பேசியதே இல்லை. வலியைக் கடவுளிடம் நேரடியாகச் சொல்லிக்கொண்டார்.

அந்தப் பட்டப்பெயர் வந்தது இப்படி. வெள்ளமோ தீயோ தொழிற்சாலை விபத்தோ நடந்து, ஒரே நேரத்தில் கூட்டமாக ஆட்கள் வந்து விழுந்தால் யாரை முதலில் பார்ப்பது? அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதற்கு ஒரே முறைதான். யார் பெரிதாகக் கத்துகிறாரோ அவரை. கத்தத் தெம்பில்லாதவர்கள் மூலையில் கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். இவள்தான் தலையில் கட்டுகிற ரிப்பனை நாலு நிறத்தில் சுருள் சுருளாக வாங்கி வந்து, கத்தரித்து, பெட்டியில் போட்டு வைத்தாள். உடனே பார்க்க வேண்டியவர் மணிக்கட்டில் சிவப்பு. காத்திருக்கலாம், ஆனால் ஒரு கண் இருக்க வேண்டும் என்றால் மஞ்சள். நடந்து போகிறவருக்குப் பச்சை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றால் கறுப்பு. ரிப்பன் கட்டுகிற நர்ஸ் ஒரே ஒருத்தி. அவள் கட்டியதை யாரும் மாற்றக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டுக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும். பெரிய டாக்டரே அதற்குக் கட்டுப்பட்டவர்.

ஆண்டுக்கொருமுறை ஒத்திகை நடக்கும். தோட்டக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் 'கழுவும் பிரிவு' ஆகிவிடுவார். லிஃப்ட் ஆபரேட்டர்தான் எப்போதும் அடிபட்டவர். சிவப்பு மையைப் பூசிக்கொண்டு, "ஐயோ, என் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு யாரு?" என்று அவர் போடுகிற கூப்பாட்டில் உண்மையான நோயாளிகள் எழுந்து வந்து வேடிக்கை பார்ப்பார்கள். ரிப்பன் சிஸ்டர் அவர் கையில் பச்சையைக் கட்டிவிட்டுப் புதிய நர்ஸ்கள் பக்கம் திரும்புவாள்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்கறதெல்லாம் வீட்டுல. இங்க அழாத பிள்ளைக்குத்தான் முதல் பால். கத்துறவனுக்கு மூச்சு இருக்கு, அதான் கத்துறான். பேசாம இருக்கிறவங்ககிட்ட போங்க. முக்கியமா, புகையோ வாயுவோ உள்ள போனவங்க குரல் கம்மிப் பேசினா, ஒரு கேள்வியும் கேட்காதீங்க, சிவப்பு. தொண்டை உள்ளுக்குள்ள வீங்குதுன்னு அர்த்தம்."

கடைசியாக ஒரு விதி சொல்லுவாள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவளே போட்டது. "உங்க சொந்தக்காரங்க வந்துட்டா பெட்டியைப் பக்கத்துல இருக்கிறவ கையில குடுத்துட்டு விலகிடுங்க. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது." நர்ஸ்கள் தலையாட்டுவார்கள். ஊருக்குச் செய்கிற உபதேசத்தில் இருக்கிற சுகமே தனி. அதில் நமக்கென்று ஒரு செலவும் இல்லை.

அவளுக்கு ஒரு தம்பி. தாய் போனபோது அவனுக்கு நடை பழகாத வயது. இடுப்பில் சுமந்து வளர்த்தவள் இவள்தான். அந்த வயதிலேயே அவன் அழுதால் தெருமுனைவரை கேட்கும் என்பதால் 'சங்கு' என்று பெயர் வைத்தார்கள், அது நிலைத்துவிட்டது. நல்லவன். ஆனால் எறும்பு கடித்தாலும் பாம்பு கடித்த மாதிரிதான் அறிவிப்பான். இப்போது அவனுக்குக் கல்யாணமாகி, தொப்பை போட்டு, மீன் பதப்படுத்துகிற குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தான்.

அந்தக் கிடங்கில்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அமோனியாக் குழாய் வெடித்தது. செய்தி வந்ததுமே மருத்துவமனை ஒத்திகையில் பழகியபடி இயங்கியது. தோட்டக்காரர் குழாயை இழுத்துவந்தார். தார்ப்பாய் கட்டி மறைவு செய்தார்கள். வருகிறவர்களின் ஆடையைக் களைந்து, தண்ணீர் ஊற்றி, மாற்றுடை சுற்றி உள்ளே அனுப்பினார்கள். வாசலுக்குள் ரிப்பன் சிஸ்டர் பெட்டியோடு நின்றாள். பக்கத்தில் இளைய நர்ஸ் ஒருத்தி, எல்லோருக்கும் அவள் சின்னவள். முதலில் வந்தவர்களுக்கு ரிப்பன் கட்டுவதில் ரிப்பன் சிஸ்டருக்குக் கை நடுங்கவில்லை, கண் தப்பவில்லை. இத்தனை ஆண்டு சொன்னதெல்லாம் வீண்போகவில்லை என்று அந்த அமளியிலும் உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

சிவப்பு அறையில் கட்டில் இரண்டுதான். தொண்டைக்குள் குழாய் இறக்கத் தெரிந்த மயக்க மருந்து டாக்டர் ஒருவர்தான். ஒரு கட்டிலில் கிடங்கு மெக்கானிக்கைப் போட்டாகிவிட்டது. அவரை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. மிச்சம் ஒரு கட்டில். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அக்கா! அக்கா! கண்ணு தெரியலைக்கா! நான் குருடாயிட்டேங்க்கா!"

தம்பி தன் காலால் நடந்து வந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. முகத்திலிருந்து தண்ணீர் வடிந்தது. கழுவியாயிற்று. குரல் கணீரென்று இருந்தது. வாசற்படியைப் பார்த்துத்தான் காலை எடுத்து வைத்தான். அவள் அதையெல்லாம் கவனித்தாள். பச்சை. புதிதாகச் சேர்ந்த நர்ஸ்கூடச் சொல்லிவிடுவாள், பச்சை என்று.

அவனுக்குப் பின்னால், அவன் சுற்றியிருந்த மாற்றுடையைப் பிடித்தபடியே வந்த ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்தாள். கிடங்கில் மீனைத் தரம் பிரிக்கிறவள். வாயைத் துணியால் பொத்தியிருந்தாள்.

சின்னவள் கையை நீட்டினாள். "அக்கா, நம்ம தம்பியா? பெட்டியைக் குடுங்க, நான் பார்த்துக்கறேன்."

கை நீட்டியபடியே இருந்தது. தம்பி அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். "எதாவது பண்ணுக்கா! செத்துடுவேன் போலிருக்கு!"

"நீ போய் வாசல்ல தண்ணி வருதான்னு பாரு" என்று சின்னவளிடம் சொன்னாள் ரிப்பன் சிஸ்டர். பெட்டியிலிருந்து சிவப்பை எடுத்தாள். தம்பியின் மணிக்கட்டில் கட்டி, மிச்சமிருந்த கட்டிலுக்கு அனுப்பினாள்.

பெஞ்சில் இருந்த பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்பன் சிஸ்டர் அவள்பக்கம் திரும்பியதும் துணியை எடுத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லைக்கா… அவரை முதல்ல பாருங்க" என்றாள்.

குரல் கம்மியிருந்தது. உமியை மென்றுகொண்டு பேசுகிற மாதிரி வந்தது. ரிப்பன் சிஸ்டரின் காதில் அது விழுந்தது. நன்றாகவே விழுந்தது. இவளுக்குச் சிவப்பு கட்டினால் தம்பியை அந்தக் கட்டிலிலிருந்து எழுப்ப வேண்டும் என்பதும் கூடவே தெரிந்தது. மஞ்சளை எடுத்துக் கட்டினாள்.

மஞ்சளுக்கு ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அவள் கண்ணோ சிவப்பு அறையின் கதவிலேயே இருந்தது. உள்ளே மயக்க மருந்து டாக்டர், ரிப்பனை நம்பி, சங்கின் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்து, மூச்சைக் கேட்டு, ஒன்றும் அகப்படாமல், "சிஸ்டர் சிவப்பு கட்டியிருக்காங்களே, ஏதோ இருக்கணும்" என்று மறுபடியும் முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். அவனும் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பெஞ்சில் இருந்தவள் சாய்ந்ததைப் பார்த்துக் கத்தியது சின்னவள். ஓடிவந்த டாக்டர் குழாயை இறக்கப் பார்த்தார். தொண்டை வீங்கி வழி அடைத்துவிட்டிருந்தது. அந்தப் பெஞ்சிலேயே படுக்கவைத்து, கழுத்தில் துளை போட்டு, மூச்சுக்கு வழி செய்தார். உயிர் தங்கியது. சங்கு கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு சாயங்காலமே வீட்டுக்குப் போனான்.

அடுத்த வாரம் ஆய்வுக் கூட்டம். மேலிடத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரையும் பாராட்டினார். மயக்க மருந்து டாக்டர் மட்டும், "அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் முன்னாடியே குழாய் போட்டிருந்தா கழுத்தை வெட்ட வேண்டியிருந்திருக்காது. மஞ்சள் எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அடுத்த தடவைக்கு உதவும்" என்றார். குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எல்லோரும் ரிப்பன் சிஸ்டரைப் பார்த்தார்கள்.  யாரோ எழுதிக்கொடுத்ததை வாசிப்பது போல அவளுக்கு வார்த்தை வந்தது.

"அந்தப் பொண்ணே தனக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க சார். இன்னொருத்தரை முதல்ல பாருங்கன்னு சொன்னாங்க."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பொய்தான் வேண்டும் என்பதில்லை, பாதி உண்மையே போதும். அதிகாரி தலையாட்டி, "பாவம், நல்ல மனசு" என்றார். சின்னவள் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.  ரிப்பன் சிஸ்டருக்கு உடம்பு முழுக்க எரிந்தது. நாலு பேர் நடுவில் புடவை நழுவிவிட்டால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

கூட்டத்தில் சொன்னது வார்டுவரை வந்து சேர எவ்வளவு நேரமாகும்? அந்தப் பெண்ணின் கணவர் வேன் டிரைவர். மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொன்னார். "எல்லாரும் உயிரைக் காப்பாத்திக்கப் பார்ப்பாங்க. இவ தன்னோட முறையை எவனோ ஒருத்தனுக்குத் தூக்கிக் குடுத்திருக்கா பாருங்க. பெரிய தியாகி!" கோபமும் அழுகையும் கலந்துதான் சொன்னார். ஆனாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாத்தனார் வந்தாள், "என்ன தியாகி, எப்படி இருக்கே?" என்றாள். கிடங்கிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் வந்தார்கள், அவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். பதில் சொல்ல அவளுக்குக் குரல் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை ரிப்பன் சிஸ்டர் மருந்துத் தட்டோடு நின்று கண்ணாலேயே பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு, ஊசியைப் போட்டுவிட்டு, போய்விட்டாள்.

சங்கு சும்மா இருந்தானா? சொந்தபந்தத்தில் எங்கே நாலு பேர் கூடினாலும், "எங்க அக்கா மட்டும் அன்னிக்கு அங்க இல்லேன்னா எனக்குப் பார்வையே போயிருக்கும். பார்த்த உடனே சிவப்பைக் கட்டிட்டாங்க. ரத்த பாசம்னா சும்மாவா?" என்று முழங்கினான்.

"வாயை மூடுடா!" என்று ஒருநாள் சீறினாள்.

"ஏங்க்கா? பெருமையாத்தானே சொல்றேன்" என்றான் அவன், உண்மையாகவே புரியாமல். அவனிடம் எதைச் சொல்வது? அவன் கேட்டதென்னவோ உதவிதான். எந்த நிறம் என்று அவன் கேட்கவில்லை. தேர்ந்தெடுத்தது அவள்.

மாதங்கள் ஓடின. அவள் வேலையைக் கூடுதலாகச் செய்தாள். பிறர் முறைக்கும் தானே வந்து நின்றாள். யாராவது பாராட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதெல்லாம் தண்டனை என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டாள். யாருக்கும் பைசா பெறாத தண்டனை.

மறுபடியும் ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். ரிப்பன் சிஸ்டர் மருந்துக் கிடங்கில் தனியாக இருந்தபோது சின்னவள் வந்து நின்றாள்.

"அக்கா, இந்தத் தடவை வகுப்பை நான் எடுக்கட்டுமா?"

"ஏன், நான் எடுத்தா என்ன?"

"எடுங்க. ஆனா அந்தச் சொந்தக்காரங்க விதியை நீங்க சொல்றப்போ நான் அங்க நிக்க மாட்டேன்க்கா. என்னால முடியாது." கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னிக்கு நான் கையை நீட்டினேன். பிடுங்கியிருக்கணும். பிடுங்கலை. அதுவே என்னைத் தூங்க விடலை."

அவள் போய்விட்டாள். ரிப்பன் சிஸ்டர் பஞ்சுச் சுருள்களுக்கு நடுவே நின்று அழுதாள். தான் செய்ததற்கு இந்தப் பெண்ணும் தூக்கம் கெட்டுக் கிடக்கிறாளே என்று அழுதாள். இவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தது தன்னைத் தவிர யாரையும் ஏமாற்றவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் தியாகியின் வீட்டுக்குப் போனாள். மாடியில் ஒரே அறை, ஒரு சமையல் மறைவு. கதவைத் திறந்தவள் கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தாள். கண்ணாடிக்குக் கீழே, கழுத்துத் துளையில் இன்னும் இருந்த குழாயைச் சுத்தம் செய்கிற தூரிகையும் கிண்ணமும் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்ததைவிடச் சுத்தமாக இருந்தன. பேச வேண்டுமென்றால் அவள் துளையை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் காற்றும் கீறலுமாகத்தான் வரும்.

"வாங்க சிஸ்டர்" என்றாள் அப்படி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். "வேலைக்குக் கூப்பிடலை. பேச முடியாதவளை வச்சு என்ன பண்றதுங்கறாங்க." விரலை எடுத்து மூச்சு வாங்கினாள். மீண்டும் வைத்தாள். "இவருக்கு என்மேல பிரியம்தான். ஆனா சண்டை வந்தா கடைசியில அங்கதான் வந்து நிக்கும். உன்னை யாரு விட்டுக்கொடுக்கச் சொன்னதுன்னு. நானும் நினைச்சுப் பார்ப்பேன். பேசாம இருந்திருந்தா இன்னிக்குப் பேசியிருப்பேன்ல?" சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு துளை வழியாக இருமலாக வந்தது.

ரிப்பன் சிஸ்டர் தம்ளரைக் கீழே வைத்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள் ஒன்றும் நினைவில்லை.

"நீங்க சொன்னதால இல்லம்மா. நோயாளி ஆயிரம் சொல்லலாம், நாங்க அதைக் கேட்டு ரிப்பன் கட்டறதில்லை. உங்களுக்குச் சிவப்பு கட்டியிருக்கணும். உங்களுக்கு முன்னாடி வந்தானே, கத்திக்கிட்டு, உங்க சூப்பர்வைசர், அவன் என் தம்பி. அவனுக்கு ஒண்ணுமில்லை. எனக்கு அப்பவே தெரியும். இருந்தது ஒரு கட்டில். அவனுக்குக் குடுத்துட்டேன்."

 தியாகியின் துளையிலிருந்து மூச்சு உஸ்ஸென்று வந்து போயிற்று. விரலை வைத்தாள்.

"என் குரல் கம்மியிருந்தது… உங்க காதுல விழுந்ததா?"

"விழுந்துச்சு."

"கூட்டத்துல நான் சொன்னதாச் சொன்னீங்களே, அது?"

"என்னைக் காப்பாத்திக்கச் சொன்னேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தாள். கன்னத்தில் ஒன்று விட்டால்கூட நல்லது என்றிருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை. எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள். தோள் குலுங்கியது. அழுகைக்குக்கூட அவளிடம் சத்தம் இல்லை என்பதைப் பார்த்தபோது ரிப்பன் சிஸ்டருக்குத் தன் பிறப்பே அருவருப்பாக இருந்தது.

"பெரிய டாக்டர்கிட்ட நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்" என்றாள்.

அவள் திரும்பினாள். "அது உங்க பாடு. வேலை போனா போகட்டும், இருந்தா இருக்கட்டும். எனக்கு அது வேண்டாம்." மூச்சு வாங்கினாள். "இவர் சாயங்காலம் வருவார். அவர் முன்னாடி சொல்லுங்க."

வேன் டிரைவரின் கோபத்தை ரிப்பன் சிஸ்டர் வார்டில் பார்த்திருக்கிறாள். "இன்னொரு நாள் வரட்டுமா? நீங்களே அவர்கிட்ட முதல்ல…"

"நான் சொன்னா நம்பமாட்டார்." விரல் துளையை அழுத்தியது. "நான்தான் தியாகியாச்சே. உங்களைக் காப்பாத்தறதுக்கும் பொய் சொல்றேன்னு சொல்லுவார். உட்காருங்க."

உட்கார்ந்தாள்.  அந்தப் பெண் துணி மடித்தாள், அரிசி களைந்தாள், இடையிடையே வந்து, உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போனாள். வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. கீழே வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே படியேறி வந்தார். விருந்தாளியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, சிஸ்டரா! இவ்வளவு தூரம் எங்களைத் தேடி வந்திருக்கீங்களே. என்ன தியாகி, சிஸ்டருக்கு ஒரு டீ போட்டுக் குடுத்தியா இல்லியா?"

மனைவி அவருக்குப் பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"அவங்களை அப்படிக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள் ரிப்பன் சிஸ்டர். "அவங்க எதையும் விட்டுக்கொடுக்கலை. நான் எடுத்துக்கிட்டேன்."